இலவந்திகையும் இரண்டு நாள் விடுமுறையும்

தீபாவளி கழிந்த மறுவாரத்துச் சிவகாசியை நண்பர்களுள் எத்தனை பேர் கண்டிருப்பீர்கள்? நாடெங்கும் தெருக்களில் வெடித்துச் சிதறிய காகிதக் குப்பை கூட்டப்பட்டுக்கொண்டிருக்கும் அந்நாள்களில், அக்காகிதத்தைச் சுருட்டி மருந்து அடைத்த ஊர் அரவமின்றிக் கிடக்கும். விடியற்காலையில் கிராமந்தோறும் சென்று ஆட்களை ஏற்றிவரும் ஆலைப் பேருந்துகள் ஓடா. லாரி செட்டுகளின் முன்னே பெட்டிகள் அடுக்கப்பட்டிரா. ஆண்டு முழுதும் பிறருடைய ஒருநாள் மகிழ்ச்சிக்காக உழைத்த ஊர், அந்த ஒருநாள் முடிந்ததும் சில வாரம் கண்ணயர்ந்துவிடும். புதிதாய்ப் பூசை போட்டு ஆலைகள் மீண்டும் திறக்கும்வரை இதுவே நிலை.

அத்தகைய ஓர் ஐப்பசிக் கடைசியில், தமிழ் கற்பிக்கும் நாங்கள் நால்வர் சனி, ஞாயிறு இரு நாளும் எங்கேனும் சென்று ஓய்ந்திருந்து வருவதென்று திட்டமிட்டோம். எங்களுள் ஒருவர் வார இதழொன்றில் வந்த படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரை. மலைச்சரிவு முழுதும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம், அடியில் நீலநீர். இலாவோ என்னும் அப்பகுதி 2007-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே படிக்கட்டுத் தோட்டங்களை அமைத்துக் கொடி வளர்த்த பெருமையை இடைக்காலத் துறவியர்க்கு உரியதாக்குவர். ஏரிக்கரையில் தங்கி, திராட்சை மது பருகி, வேறொன்றும் செய்யாமல் நான்கு நாள் இருப்பதற்கென்றே இத்தகைய இடங்களுக்கு மக்கள் வருகின்றனர். "ஏரி, கொடி, ஓய்வு மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் நமக்கு எங்கே வாய்க்கப் போகிறது?" என்று பெருமூச்செறிந்தார் நண்பர்.

மற்றொருவர் எழுந்து மேற்குச் சன்னலைத் திறந்தார். மழை கழுவிய வானின் அடியில் மலைத்தொடர் நீலக்கோடாகத் தெரிந்தது. "அதற்குப் பின்னால்தான் இருக்கிறது" என்றார்.

உண்மை அதுவே. திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஊர்களுக்கு மேற்கே எழும் மலையின் மறுபுறம் வருசநாடு. அதற்கு அப்பால் மேகமலை. மேகமலையின் மேற்கு அடிவாரத்தில், பந்தல் பந்தலாகத் திராட்சை விளையும் கம்பம் பள்ளத்தாக்கு. அப்பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பில் குமுளி மலையேறினால் பெரியாற்று ஏரி. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தபோது விருதுநகர், தேனி ஆகிய இரு மாவட்டக் காடுகளும் ஒரே பெயரின்கீழ் வந்தன. புலிக்கு அது ஒரே காடு. நமக்கோ மலையை ஊடறுத்துச் சாலை இல்லை, கிருஷ்ணன்கோவில், தே.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி என்று வடக்கே சுற்றி ஏறத்தாழ 150 கி.மீ. செல்ல வேண்டும்.

வண்டி பேசி முடித்த மாலையில், முன்பு எங்களிடம் பயின்ற மாணவர் ஒருவர் எங்களைக் காண வந்தார். தமிழ் இலக்கியத்தில் இளங்கலை முடித்தவர். இப்போது பட்டாசு ஆலையொன்றில் வேலை. வண்டியில் ஓர் இடம் மிச்சமிருந்தது. "தம்பி, நீயும் வாயேன்" என்றோம்.

அவர் சிரித்தார். "இல்லீங்கய்யா. எங்களுக்கு கையில காசு இருக்கிறப்ப லீவு கிடையாது. லீவு இருக்கிறப்ப காசு கிடையாது. வந்தா அம்மாவையும் கூட்டிட்டு வரணும். இருபது வருசமா சரம் பின்றாங்க. கண்மாய் பார்த்திருக்காங்க, ஏரி பார்த்ததில்ல." பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "வர்றப்ப அம்மாவுக்குப் பன்னீர் திராட்சை மட்டும் வாங்கிட்டு வாங்கய்யா. அது போதும்." வேண்டாமென்று எவ்வளவோ மறுத்தும் தாளைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

அந்த நூறு ரூபாய் எங்களோடு பயணம் வந்தது. ஏரிக்கரை ஓய்வு என்பது யாருக்கு உரியதாய் இருந்துவந்தது என்ற வினாவும் அதனோடு சேர்ந்து வந்தது. அவ்வினாவைப் பின்தொடர்ந்து நாங்கள் அறிந்தவற்றையே இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

பாண்டியனின் சோலை

நீர்க்கரையில் மது அருந்தி ஓய்ந்திருத்தல் மேனாட்டார் வழக்கம் என்று எண்ணுவோர்க்குப் பாண்டியன் ஒருவனை அறிமுகம் செய்ய வேண்டியிருக்கிறது. அவன் பெயர் நன்மாறன். சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் பிற மாறன்களிடமிருந்து அவனைப் பிரித்துக் காட்டுவதற்காக, அவன் உயிர்நீத்த இடத்தையே அடைமொழியாக்கி 'இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன்' என்றனர். இலவந்திகை என்பதற்கு நீர்நிலையைச் சூழ்ந்த, அரசனும் உரிமை மகளிரும் ஆடுதற்குரிய காவற்சோலை என்று உரைகாரர் பொருள் கூறுவர். இன்றைய சொல்லால் சொன்னால் நீர்க்கரை ஓய்வு மாளிகை. அங்கேயே வாழ்நாள் முடியுமளவுக்கு அவ்விடத்தில் தோய்ந்திருந்தவன் போலும் அம்மன்னன்.

அவனைப் பாடியவருள் ஒருவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரர். புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் அவர் மன்னனை நான்கு தெய்வங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்து, யவனர் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பொன்னாலாகிய கலத்தில் மகளிர் ஏந்தித்தர நாளும் பருகி இனிதிருப்பாயாக என வாழ்த்துகிறார். யவனத் தேறல் மத்தியதரைக் கடல் நாடுகளின் திராட்சை மது என்பதே ஆய்வாளர் பலரின் கொள்கை. அக்கொள்கைக்கு மண்ணும் சான்று தருகிறது. வையை கடலில் கலக்கும் இடத்தருகே உள்ள அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை 1986 முதல் நிகழ்த்திய அகழாய்வுகளில், மதுவும் எண்ணெயும் கொண்டுவரப் பயன்பட்ட ஆம்போரா என்னும் இருகாதுச் சாடிகளின் உடைசல்கள், உரோமானியக் காசுகளோடு வெளிப்பட்டன. அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் கண்டவையும் இத்தகையனவே.

ஆக, ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஏரிக்கரைச் சோலை, திராட்சை மது, ஓய்வு மூன்றும் ஒரு தமிழனுக்கு ஒருங்கே வாய்த்திருக்கின்றன. அவன் பாண்டியனாக இருந்தான் என்பதுதான் வேறுபாடு.

இவ்விடத்தில் நிறுத்திக்கொண்டால் பெருமிதத்தோடு முடித்துவிடலாம். ஆனால் புறநானூற்றைத் தொகுத்தோர் நம்மை அவ்வாறு விடவில்லை. அதே நன்மாறனை ஆவூர் மூலங்கிழார் பாடியது 196-ஆம் பாட்டு. வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் பாடியது 198-ஆம் பாட்டு. இரண்டும் பரிசில் தராமல் காலம் நீட்டித்தவனை நோக்கிப் பாடப்பட்டவை. கொடுக்க இயல்வதைக் கொடுப்பதும், இயலாததை இல்லையென்று சொல்லிவிடுவதும் நல்லோர் இயல்பு. இருப்பதை இல்லையெனல் இரப்போரையும் வருத்தும், ஈவோர் புகழையும் குறைக்கும் என்று மூலங்கிழார் இடித்துரைக்கிறார். வெயிலும் பனியும் பாராது, வறிய மனைவியை எண்ணி நடந்து திரும்பும் புலவரின் உருவம் அப்பாட்டின் இறுதியில் தெரிகிறது. சோலையின் உள்ளே பொற்கலம். வாயிலிலே உழைத்தவன் காத்திருப்பு. ஒரே மன்னனைப் பற்றிய இவ்விரு காட்சிகளையும் ஒரே நூலில் காத்துத் தந்த தொகுப்பாளரின் நேர்மைக்கு நாம் தலைவணங்க வேண்டும்.

சங்க இலக்கியம் அறிந்த ஓய்வு இஃது ஒன்று மட்டுமன்று. பரிபாடலில் வையையைப் பாடும் பாட்டுகளை நினைவுகூர்க. மலையில் மழை பொழிந்து ஆற்றில் புதுப்புனல் வந்தது என்ற செய்தி பரவியதும் மதுரை நகரமே கரைக்கு ஓடுகிறது. யானையிலும் குதிரையிலும் வருவோர் ஒருபுறம், நடந்து வருவோர் ஒருபுறம். மகளிரும் மைந்தரும் முதியரும் இளையரும் நீராடுகின்றனர், கள்ளுண்டு களிக்கின்றனர், ஊடுகின்றனர். அங்குக் காவற்சோலையின் மதில் இல்லை. நீர் வந்த நாள் எல்லார்க்கும் விழா. ஆடிப்பெருக்கு அம்மரபின் எச்சமே. வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் கூடும் இருக்கன்குடியில் ஆடி கடைசி வெள்ளியன்று மக்கள் திரள்வதையும் அவ்வரிசையில் வைக்கலாம்.

காவற்சோலை ஒன்று, புனல்விழா மற்றொன்று. இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டு மலைக்கு அப்பால் செல்வோம்.

கொடி வந்த வழி

யவனர் கொணர்ந்த மது வையையின் கடைமடையில் வந்திறங்கியது. அம்மதுவுக்குரிய கொடியோ பல நூற்றாண்டு கழித்து, வையையின் தலைமடைப் பக்கத்தில் வேரூன்றியது. கம்பம் பள்ளத்தாக்கில் ஓடும் முல்லையாறும் சுருளியாறும் வையையில் சேர்வன.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தமிழகத்துக்குத் திராட்சையை 1832-இல் கொணர்ந்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் என்ற செய்தி பரவலாக வெளியாயிற்று. கத்தோலிக்கர் பூசைக்குத் திராட்சை மது இன்றியமையாதது. வேறு எந்த மதுவும் அவ்விடத்தில் செல்லாது. ஆகவே பாதிரிமார் சென்ற நாடுகளிலெல்லாம் கொடியும் உடன் சென்றது இயல்பே. ஜெனீவா ஏரிக்கரையிலும் துறவியர், இங்கும் துறவியர்.

ஆயினும் ஒரு திருத்தம் வேண்டும். பன்னீர் திராட்சை என்று நாம் வழங்குவது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் வகை. அது இங்கிலாந்தில் கலப்பினமாகத் தோன்றிப் பெயர்பெற்றது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். எனவே 1832-இல் வந்த கொடி வேறு, இன்று பந்தலில் காய்ப்பது வேறு என்றே கொள்ள வேண்டும். முன்னது வழிகாட்டியது, பின்னது வந்து நிலைத்தது.

வரிசையாக நட்ட கல்தூண்களின்மேல் கம்பி இழுத்துப் பந்தல் அமைத்துக் கொடியைப் படர விடுகின்றனர். கவாத்து செய்த ஏறத்தாழ நான்காம் மாதத்தில் பழம் வெட்டலாம். வெவ்வேறு தோட்டங்களில் வெவ்வேறு காலத்தில் கவாத்து செய்வதால் ஆண்டு முழுதும் எங்கேனும் ஒரு பந்தலில் பழம் தொங்கும். பழுக்கும் காலத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். "எங்களுக்கும் மழைதான் பகை, உங்களுக்கும் மழைதான் பகை" என்று தோட்டக்காரர் ஒருவர், நாங்கள் சிவகாசிப் பக்கத்தவர் என்றறிந்ததும் சொன்னார். எங்கள் ஊரில் வெடிக்காமற் போவது இழப்பு. அவர் ஊரில் வெடித்துவிடுவது இழப்பு.

மது நாட்டுக்குச் செல்கிறோம் என்று எங்களைக் கேலி செய்தவர்க்கு ஒரு செய்தி. இப்பள்ளத்தாக்கின் திராட்சை பெரும்பாலும் பழமாகவே உண்ணப்படுகிறது. இராஜாஜி அமைச்சரவை 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுதும் பரவியது. 1971-இல் அது தளர்ந்து, பின்னர் மீண்டு, மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் அரசே மது வாணிகக் கழகம் அமைத்தது. 2003-இல் சில்லறை விற்பனையையும் ஏற்றது. இவ்வளவு மாற்றங்களுக்கு இடையிலும், தோட்டத்தில் பழம் பறித்து அங்கேயே மதுவாக்கி விருந்தினர்க்கு வழங்கும் மரபு தமிழகத்தில் வேர்கொள்ளவில்லை. அதைக் காண விரும்புவோர் கோதாவரிக் கரைக்கு, நாசிக்கின் கங்காபூர் அணைப் பக்கம் செல்ல வேண்டும். நாங்கள் நால்வரும் குடிப்பழக்கம் இல்லாதவர்கள். சாலையோரக் கடையில் பிழிந்து தந்த சாறே எங்கள் யவனத் தேறல். நெகிழிக் குவளையே பொற்கலம்.

ஏரி வந்த வழி

பெரியாற்று ஏரி இயற்கை தந்ததன்று, தாகம் தோண்டியது. மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரும் பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பலாம் என்று 1789-இலேயே எண்ணியவர் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. பொருள் வசதியின்மையால் அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. 1808-இல் ஆங்கிலப் பொறியாளர் ஜேம்ஸ் கால்டுவெல் ஆராய்ந்து, இஃது ஆகாத செயல் என்று அறிக்கையளித்தார். 1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிய பின்னரே அரசின் செவி திறந்தது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசோடு 8,000 ஏக்கருக்கு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாயிற்று. அடுத்த ஆண்டு பணி தொடங்கிற்று. 1895 அக்டோபர் 10-இல் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். ஒரு மைலுக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள சுரங்கத்தின் வழியே நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. அதன் பயன்தான் இன்று இருமருங்கும் நாம் காணும் பசுமை.

பணியை நடத்திய பென்னிகுயிக்கை அப்பகுதி மக்கள் தெய்வமாகப் போற்றுகின்றனர். அவர் தம் மனைவியின் நகைகளை விற்று அணையை முடித்தார் என்னும் கதைக்கு ஆவணச் சான்று இல்லை. நன்றியுணர்வுதான் அக்கதையைப் படைத்தது. ஆனால் ஆவணச் சான்று உள்ள மற்றொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அக்காட்டில் கல் சுமந்தவர்களுள் பெருந்தொகையினர் காய்ச்சலில் மாண்டனர். அணைக்கு அருகிலேயே அவர்களுக்கு இடுகாடும் அமைந்தது. குளிருக்கும் காய்ச்சலுக்கும் அவர்கள் நம்பிய மருந்து நாட்டுச் சாராயம். அது இல்லாவிடில் அணை முடிந்தே இராது என்று சொல்வாரும் உளர்.

நீர்க்கரையும் மதுவும் இங்கே மீண்டும் சந்திக்கின்றன. ஆனால் நன்மாறனின் சோலையில் மது இன்பத்தின் பொருட்டு. பெரியாற்றுக் காட்டில் அது மறுநாளும் எழுந்து கல் சுமப்பதன் பொருட்டு.

ஏரி நிறைந்த பின்னர் நடந்தது யாது? அதன் அழகு கண்ணிற்பட்டது. திருவிதாங்கூர் அரச குடும்பம் இடப்பாளையத்தில் ஏரி சூழ்ந்த மாளிகை எழுப்பிக்கொண்டது. 1934-இல் சுற்றியுள்ள காடு விலங்குப் பாதுகாப்பிடமாயிற்று. பஞ்சத்தைத் தீர்க்கக் கட்டிய நீர்நிலை, நாற்பது ஆண்டுக்குள் ஓர் இலவந்திகை ஆகிவிட்டது. கொடைக்கானலிலும் கதை இதைப் போன்றதே. 1845-இல் மதுரையின் அமெரிக்க மிஷனரிமார் வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சி மலையேறி வீடு கட்டினர். 1863-இல் மதுரை ஆட்சியர் இலெவிஞ்சு ஏரியை உருவாக்கினார். கோடை விடுமுறை என்னும் ஏற்பாடே நமக்கு இவ்வழியில் வந்ததுதான். ஊரோடு கூடி ஆற்றுக்குப் போவதற்கு மாறாக, ஊரை விட்டு விலகி மலைக்குப் போவது.

இனி, இந்நீருக்கும் சிவகாசிக்கும் என்ன உறவு? 1910-இல் அமைந்த இராமநாதபுர மாவட்டத்தில்தான் சிவகாசி வட்டாரம், 1985-இல் தனி மாவட்டம் பிரியும்வரை இருந்தது. சேதுபதியின் பிரதானி கண்ட கனவு அவர் பெயர்சொல்லும் மாவட்டம் முழுமைக்கும் பலிக்கவில்லை. 1959-இல் வைகை அணையைத் திறந்து வைத்த முதலமைச்சர் காமராசர் விருதுநகரில் பிறந்தவர். ஆனால் பெரியாற்று நீரோ வைகை நீரோ சிவகாசி, சாத்தூர் கரிசலின் கண்மாய்களுக்கு வருவதில்லை. மேற்கு மலைக்கு இப்பால் பெய்யும் மழையே எங்களுக்கு ஆறு. வேளாண்மை கைகொடுக்காத அந்த வறட்சியும் வெயிலும்தாம் தீக்குச்சி காய்வதற்கும் மருந்து உலர்வதற்கும் ஏற்றவையாயின. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். 1940-இன் வெடிபொருள் விதிகளை ஒட்டிப் பட்டாசு ஆலைகள் உரிமம் பெற்று எழுந்தன. மலைக்கு அப்பால் நீர் சென்று திராட்சை ஆயிற்று. மலைக்கு இப்பால் நீர் வராமையே பட்டாசு ஆயிற்று.

வாவு

பழைய திண்ணைப் பள்ளிகளில் விடுமுறைக்கு 'வாவு' என்று பெயர். உவா என்பதன் திரிபு அது. அமாவாசை, பௌர்ணமி நாள்களைக் குறிக்கும் சொல், அந்நாள்களில் பாடம் இல்லாமையால் விடுமுறையையே குறிப்பதாயிற்று. நிலவு தரும் விடுமுறைக்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆலைச் சங்கு ஒலிக்கத் தொடங்கிய பின்னர்தான் ஓய்வைப் போராடிப் பெற வேண்டியதாயிற்று. பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்கு ஞாயிறு விடுமுறை கிடைக்க நாராயண் மேகாஜி லோகாண்டே பல ஆண்டு முயன்றார். 1890-இல்தான் அது கைகூடிற்று.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இன்னும் ஒருபடி சென்றது. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவர்க்கு, அடுத்த ஆண்டில் இருபது நாளுக்கு ஒருநாள் வீதம் ஊதியத்தோடு கூடிய விடுப்பு என்று வகுத்தது. 2020-இல் இயற்றப்பட்ட புதிய தொகுப்புச் சட்டம் அந்த 240-ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. வேலையும் இல்லை, கவலையும் இல்லை என்னும் சில நாள்களை ஏட்டளவிலேனும் உரிமையாக்கியது இவ்வேற்பாடு. ஆனால் எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்வோரிடம், ஆலை மாறி ஆலை செல்வோரிடம், முன்பணம் பெற்று அதைக் கழிப்போரிடம் இந்த உரிமை எளிதில் வந்து சேர்வதில்லை. பின்னிய சரத்துக்குக் கூலி. பின்னாத நாளுக்கு ஏது?

அவர்களுக்கு விடுமுறையே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. மழைக்காலத்தில் உண்டு. தீபாவளிக்குப் பின் உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்களைத் தடைசெய்தபோது, நவம்பரில் அடைத்த ஆலைகள் சில மாதம் திறக்கவேயில்லை. விபத்து நேர்ந்து சோதனை நடக்கும்போதெல்லாம் உண்டு. அவை ஓய்வல்ல, வேலையின்மை. எங்கள் மாணவர் சொன்ன ஒரே வாக்கியத்தில் இவ்வளவும் அடங்கியிருந்தது என்பது, இவற்றையெல்லாம் புரட்டிப் பார்த்த பின்னரே எங்களுக்கு விளங்கிற்று.

ஏரிக்கரையில்

சனிக்கிழமை பிற்பகலில் தேக்கடிப் படகுத்துறையை அடைந்தோம். நீர்மட்டம் உயர்ந்திருந்தது. மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் ஏரி நடுவே கறுத்து நின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்தின. படகில் ஏறியதும் மிதவை மேலாடையைக் கட்டாயம் அணியச் சொன்னார்கள். அதன் காரணம் எங்களுக்குத் தெரியும். 2009 செப்டம்பர் 30-இல் இவ்வேரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர்; இறந்தவருள் தமிழகத்தவர் பலர். மூன்று ஆண்டு கழித்து 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓரிடத்தில் விடுமுறைக்கு வந்தவர். ஓரிடத்தில் வேலைக்கு வந்தவர். அளவுக்கு மீறி ஆளை ஏற்றுவது என்ற ஒரே குற்றச்சாட்டு இரண்டிலும் எழுந்தது.

படகு மெல்லச் சென்றது. கரையில் காட்டெருமைகள் சில மேய்ந்தன. ஒன்றும் செய்யாமல், ஒன்றும் பேசாமல் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். பொய் சொல்வானேன்? அந்த ஓய்வு உண்மையிலேயே இனிதாக இருந்தது. விடைத்தாள்களும் பணிப்பதிவேடுகளும் உடம்பை விட்டு இறங்கின. இவ்வளவு இனியதொன்றை மனிதருள் ஒரு பகுதியினர் வாழ்நாளில் ஒருமுறையும் அறியாமல் போவது எத்தகைய இழப்பு என்று எண்ணவும் அந்த இனிமைதான் காரணமாயிற்று. ஓய்வைப் பழிப்பது எங்கள் நோக்கமன்று. அதற்கு எழுப்பிய மதிலைத்தான் பழிக்க வேண்டும்.

மறுநாள் திரும்பும் வழியில் கம்பத்துக்கு அப்பால் ஒரு பந்தலில் இறங்கி, எங்கள் கண்முன்னே வெட்டிய பன்னீர் திராட்சையை வாங்கினோம். மாணவரின் நூறு ரூபாய்க்குத் தனியே நிறுத்து, தனிப்பெட்டியில் வைக்கோல் பரப்பி வைத்தோம்.

இரவு எட்டு மணிக்கு அவர் வீட்டை அடைந்தோம். அம்மா பெட்டியைத் திறந்து ஒரு பழத்தை மட்டும் எடுத்து வாயிலிட்டார். விரல் நுனிகளில் அலுமினியப் பொடியின் சாம்பல் நிறம் இன்னும் போகாமல் இருந்தது. பிறகு கேட்டார்: "அந்த ஏரி எம்புட்டுப் பெருசுங்கய்யா? நம்ம கண்மாய் மாதிரியா?" கண்ணுக்கெட்டிய மட்டும் நீர் என்றோம். "அந்தத் தண்ணி நம்ம பக்கம் வருமா?" வராது என்றோம், அது மதுரை, சிவகங்கைப் பக்கம் போவது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். "தண்ணிதான் வராது. நம்மளாச்சும் ஒரு தடவ போய்ப் பார்த்துட்டு வரணும்" என்றார்.

வண்டியில் நால்வரும் வாய் திறவாமல் வந்தோம். வீடு சேருமுன் ஒரு முடிவு செய்துகொண்டோம். மாதந்தோறும் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் ஒதுக்கி வைப்பது. அடுத்த தீபாவளி கழிந்த இரண்டாம் வாரத்தில், ஆலை திறக்குமுன், இருபது இருக்கை வண்டியொன்றை அமர்த்துவது. அதில் நான்கு இருக்கை மட்டுமே எங்களுக்கு. ஊதியத்தோடு கூடிய விடுப்பை எங்களால் அவர்க்கு வாங்கித்தர இயலாது; அது சட்டமும் சங்கமும் செய்ய வேண்டியது. கொடுக்க இயல்வதைக் கொடுப்பதும், இயலாததை இல்லையென்று சொல்வதும்தானே மூலங்கிழார் கேட்டது? வண்டிக் கூலி எங்களால் இயலும்.

அந்த அம்மாவிடம் நாளைச் சொல்லியாயிற்று. சரம் பின்னும் தம் தோழியர் நால்வரையும் அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறார்.